பத்தொன்பது வயசுல 'மூப்பர்'!

வெள்ளைச் சட்டை, கழுத்துல டை, முதுகுல பை, நெஞ்சுல ஒரு கறுப்பு பேட்ஜ்... இப்படி ரெண்டு ரெண்டு பேரா நடந்து போற பசங்களை நீங்க ஹாலிவுட் படத்துலயாவது பார்த்திருப்பீங்க. 'மெடிக்கல் ரெப்பா இருக்கும்'னு நினைக்கிறவங்க பாதிப் பேர். 'ஏதோ நெட்வொர்க் மார்க்கெட்டிங் பார்ட்டி, மாட்டினா விடமாட்டாங்க'னு சந்துக்குள்ள எஸ்கேப் ஆகிறவங்க மீதிப் பேர். ரெண்டுமே இல்லை பாஸ். அவங்க மார்மன் மிஷனரிகள். 2017 செப்டம்பர்ல இருந்து 2019 செப்டம்பர் வரைக்கும் நானும் அதுல ஒருத்தன்.

பயப்படாதீங்க, மதத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ண வரலை. அது எனக்கும் என் சாமிக்கும் நடுவுலயே இருக்கட்டும். கோயம்புத்தூர்ல டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்ச ஒரு பையன், ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம, சினிமா பார்க்காம, காதலிக்காம, நினைச்ச நேரத்துல வீட்டுக்குப் போன் பண்ணாம இருந்தா என்ன ஆவான்? அந்தக் கதைதான் இது.

முதல்ல ஒரு நிமிஷ ஹிஸ்டரி கிளாஸ். 1830 ஏப்ரல் 6-ம் தேதி, அமெரிக்காவோட நியூயார்க் மாகாணத்துல ஃபாயெட்ங்கிற ஊர்ல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச சபை இது. இப்போ தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'ங்கிறதுதான் முழுப் பேர். மார்மன்ங்கிறது ஊர் வச்ச பட்டப்பேர். 'அதை விட்டுட்டு முழுப் பேரையே சொல்லுங்க'ன்னு 2018-ல அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கிட்டார். உங்களுக்குத் தெரிஞ்ச பேர்ங்கிறதால இங்கே மட்டும் மார்மன்னு எழுதறேன்.

இந்தச் சபையில இளைஞர்கள் ரெண்டு வருஷம் ஊழியத்துக்குப் போறது பெரிய வழக்கம். முன்னாடி பசங்க போறதுக்கு 19 வயசு ஆகணும். 2012 அக்டோபர்ல அதை 18 ஆக்கினாங்க. பொண்ணுங்களுக்கு 18 மாசம். எந்த ஊருங்கிறதை நாம முடிவு பண்ண முடியாது. அப்ளிகேஷன் போட்டா லெட்டர் வரும், அவ்வளவுதான். எனக்கு 'இந்தியா பெங்களூரு மிஷன்'னு வந்துச்சு. மிஷன்னா ஊர் இல்லை, ஏழெட்டு மாவட்டத்தை விடப் பெரிய ஏரியா. அப்போ தென்னிந்தியா மொத்தமும் அதுக்குள்ள அடங்கியிருந்துச்சு.

"அமெரிக்காவாடா?"ன்னு பிரெண்ட்ஸ் கேட்டாங்க.

"இல்லடா... பெங்களூரு மிஷன்."

"சூப்பர்! ஐ.டி. சிட்டி!"

கடைசியில என்னை இறக்கிவிட்ட இடம் ராஜமுந்திரி. ஹி... ஹி...

அலாரம் அடிச்சா அப்பீல் இல்லை

காலைல 6.30-க்கு எழுந்திருக்கணும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளிச்சு, சாப்பிட்டு, 8 மணிக்குத் தனியாப் படிப்பு. 9 மணிக்கு ஜோடியாப் படிப்பு. 10 மணிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வெளியே கிளம்பினா, ராத்திரி 9 மணி சுமாருக்குத்தான் ரூம். மறுநாள் என்ன பண்ணணும்னு நோட்டுல எழுதி வச்சுட்டு 10.30-க்கு லைட் ஆஃப். கிட்டத்தட்ட இந்த டைம்டேபிள்தான் வருஷக்கணக்கா ஓடிக்கிட்டிருந்துச்சு. 2017 ஜனவரியில கொஞ்சம் தளர்த்தி, ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்னு விட்டாங்க. ஆனா 'எட்டு மணி வரைக்கும் தூங்கலாம்'னு எந்தத் தளர்வும் வரலை!

மூப்பர். ஆமா, எங்களுக்கு அந்தப் பட்டம்தான். இங்கிலீஷ்ல எல்டர். மீசையே சரியா முளைக்காத பத்தொன்பது வயசுப் பையன் பேட்ஜ்ல 'மூப்பர்'னு போட்டுக்கிட்டுப் போனா எப்படி இருக்கும்? ராஜமுந்திரியில ஒரு பெரியவர் பேட்ஜையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். அவர் மேல தப்பே இல்லை.

திங்கட்கிழமை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கிறது, முடி வெட்டுறது, காய்கறி வாங்குறது, வீட்டுக்கு மெயில் அனுப்புறது எல்லாம் அன்னிக்குத்தான். அஞ்சு வெள்ளைச் சட்டை வச்சிருந்தேன். மே மாசக் கோதாவரிக் கரை வெயில்ல வெள்ளைச் சட்டை காலர் என்ன கதிக்கு ஆகும்னு அதைத் தேய்ச்சுத் தோய்ச்சவனுக்குத்தான் தெரியும். அம்மா பத்தொன்பது வருஷமா எனக்காகப் பண்ணின வேலையோட கணக்கு, எனக்கு முதல் தடவையாப் புரிஞ்சது அந்த வாளி முன்னாடிதான்.

வேண்டாம்... ஆனா மோர் இருக்கா?

எங்க சபையில காபி, டீ, சாராயம், புகையிலை நாலுக்கும் தடா. 1833-ல இருந்தே இந்தச் சட்டம் இருக்கு. சாராயத்தையும் சிகரெட்டையும் வேண்டாம்னு சொன்னா ஊரே பாராட்டும். டீயை வேண்டாம்னு சொல்லிப் பாருங்க! ஆந்திராவுல ஒரு வீட்டுக்குள்ள காலை வச்சாலே "டீ தாகண்டி பாபு"ன்னு டம்ளர் வந்துடும். மறுத்தா முகம் சுருங்கும். 'எங்க வீட்டுல குடிக்க யோசிக்கிறானோ'ன்னு அவங்களுக்குத் தோணும். நம்ம ஊரு மாதிரியே அங்கேயும் அது பானம் இல்லை, மரியாதை.

என் முதல் ஜோடி ஹைதராபாத் பையன். அவன்தான் வழி காட்டினான். டீ வர்றதுக்கு முன்னாடியே, உட்காரும்போதே கேட்டுடுவான்: "அம்மா, மஜ்ஜிக உந்தா அண்டி?" மோர் இருக்கான்னு அர்த்தம். அவ்வளவுதான், அந்த அம்மா முகம் மலர்ந்துடும். உப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி போட்டுப் பெரிய சொம்புல மோர் வரும். அவங்க உபசரிப்பும் நிறைவேறுச்சு, நம்ம கொள்கையும் தப்பிச்சுது.

ரெண்டு வருஷத்துல நான் கத்துக்கிட்டதுல இன்னிக்கு வரைக்கும் தினமும் யூஸ் ஆகிற பாடம் இதுதான். ஒருத்தர் அன்பா நீட்டுறதை மறுக்கணும்னா, வெறுங்கையோட மறுக்காதீங்க. அவங்களால கொடுக்க முடிஞ்ச இன்னொண்ணைக் கேளுங்க. பார்ட்டியில 'ஒரு பெக் அடிடா'ன்னு நெருக்குற நண்பன்கிட்டயும் இந்த மோர் டெக்னிக் வேலை செய்யும். "அது வேண்டாம்டா, அந்தச் சிக்கனை இந்தப் பக்கம் தள்ளு!"

'அண்டி'யும் நம்ம 'ங்க'வும்

தெலுங்குல மரியாதை வேணும்னா வார்த்தைக் கடைசியில 'அண்டி' சேர்க்கணும். செப்பண்டி, கூர்ச்சோண்டி... எழுபது வயசுப் பாட்டியைப் பார்த்து "செப்பண்டி"ன்னு சொல்றப்போ, அவங்களை 'டி' போட்டுக் கூப்பிடற மாதிரியே என் காதுக்குக் கேட்கும். வாங்க, போங்க, சொல்லுங்கன்னு மூச்சுக்கு மூச்சு 'ங்க' போட்டு வளர்ந்த கொங்கு நாக்கு கூசாம என்ன பண்ணும்? பல வாரம் கழிச்சுத்தான் உறைச்சது. அட, அந்த 'அண்டி'தான்யா நம்ம 'ங்க'!

ஒருநாள் ஷேர் ஆட்டோவுல நெருக்கடி. பக்கத்துல இருந்த அம்மாகிட்ட அவசரத்துல தமிழ்லயே "கொஞ்சம் தள்ளி..."ன்னு சொன்னேன். அவங்க சிரிச்சுக்கிட்டே ஜம்முனு இடம் விட்டாங்க. இறங்கினதும் ஜோடி சொன்னான், தெலுங்குல 'தல்லி'ன்னா தாய். 'கொஞ்செம்'னா நம்ம கொஞ்சம்தான். 'கொஞ்சம் தாயே'ன்னு நான் கெஞ்சினதா அந்த அம்மா எடுத்துக்கிட்டாங்க. பக்கத்து மாநிலத்துல நம்ம தமிழே நமக்கு ரெகமண்டேஷன் பண்ணும் போல!

ஜோடி மாறும், ரூம் மாறாது

இந்த வேலையில தனியா இருக்கவே முடியாது. எப்பவும் கூட ஒருத்தன். கடைக்குப் போனாலும், டாக்டர்கிட்ட போனாலும் ரெண்டு பேரும் சேர்ந்துதான். அந்த ஒருத்தனையும் நாம தேர்ந்தெடுக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லிஸ்ட் வரும். அவன் மாறலாம், நாமளே ஊர் மாறலாம். எனக்கு மொத்தம் ஒன்பது ஜோடி.

அதுல ஒருத்தன் டெல்லிக்காரன். அவனுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. எனக்கு ஹிந்தி தெரியாது. ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது அரைகுறை இங்கிலீஷும் ஒரு ஸ்டவ்வும். அவன் ராஜ்மா வைப்பான், நான் ரசம் வைப்பேன். முதல் வாரம் அடுப்படியே போர்க்களம்.

காப்பாத்தினது ஒரு சின்ன ஏற்பாடு. வாரத்துக்கு ஒரு தடவை ஜோடி ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து, மனசுல இருக்கிறதைப் பேசணும்னு எங்க வழிகாட்டிப் புத்தகத்துலயே இருக்கு. முதல்ல அவன்கிட்ட பிடிச்சதைச் சொல்லணும். அப்புறம்தான் பிடிக்காதது. குறுக்கே பேசக் கூடாது. "நீ தூக்கத்துல தமிழ்ல பேசற, எனக்குப் பயமா இருக்கு"ன்னு அவன் சொன்னான். "நீ அஞ்சு அலாரம் வைக்கிற, அஞ்சுக்கும் நான்தான் எழுந்திருக்கேன்"னு நான் சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். மறுநாள் அஞ்சு அலாரம் ஒண்ணாச்சு. தூக்கத்துல வர்ற தமிழுக்குத்தான் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியலை!

ஹாஸ்டல்ல இருக்கிறவங்களே, இதை ஒரு வாரம் ட்ரை பண்ணிப் பாருங்க. ரூம்மேட் மேல இருக்கிற கடுப்பைப் பக்கத்து ரூமுக்குப் போய்க் கொட்டறதுக்குப் பதிலா, ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம் அவன்கிட்டயே பேசுங்க. நல்லதை முதல்ல சொல்லணும், மறந்துடாதீங்க.

பூட்டு தொங்கும் வீடு

எங்க பகுதியில சினிமாவுல வர்ற மாதிரி வீடு வீடாக் கதவு தட்டுற வழக்கம் இல்லை. யாராவது கூப்பிட்டாத்தான் போவோம். 'கூப்பிட்டவங்க வீட்டுக்குத்தானே, அப்ப ஈஸிதான்'னு நினைக்கிறீங்களா? "சாயந்திரம் அஞ்சு மணிக்கு வாங்க பாபு"ன்னு சொல்லியிருப்பாங்க. மூணு கிலோமீட்டர் நடந்து போனா, கதவுல பூட்டு தொங்கும். சில நாள் உள்ளே டி.வி. சத்தம் கேட்கும், ஆனா கதவு திறக்காது. ஒரே நாள்ல நாலு வீடு அப்படி ஆனதும் உண்டு.

அதனாலதான் ராத்திரி பிளான் எழுதும்போது ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்துல இன்னொண்ணும் எழுதி வைப்போம். இந்த வீடு இல்லைன்னா அடுத்து எங்கே? உடம்பு சரியில்லாத தாத்தாவைப் பார்க்கலாமா? வீடு மாத்தற குடும்பத்துக்குச் சாமான் தூக்கிக் கொடுக்கலாமா? பூட்டைப் பார்த்ததும் புலம்ப நேரம் இருக்காது. கால் தானா அடுத்த தெருவுக்குத் திரும்பிடும்.

மறுக்கிறதுலயும் எத்தனை அழகு இருக்குன்னு ஒரு பெரியவர்கிட்ட பார்த்தேன். நாங்க பேசினதை முழுசாக் கேட்டார். அப்புறம் தோளைத் தட்டிச் சொன்னார்: "பாபு, மீ மதம் மீதி, மா மதம் மாதி. மஜ்ஜிக தாகண்டி." உங்க மதம் உங்களுது, எங்க மதம் எங்களுது, மோர் குடிங்க! அதுக்கப்புறம் அந்தத் தெரு வழியாப் போறப்போ எல்லாம் அவர் திண்ணையில பத்து நிமிஷம் உட்காருவோம். கிரிக்கெட், பேரப் பிள்ளைங்க, கோதாவரி வெள்ளம்னு பேச்சு ஓடும். அவரும் மாறலை, நாங்களும் மாறலை. ஆனா ராஜமுந்திரியை விட்டுக் கிளம்பின அன்னிக்கு நான் ரொம்ப நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவர்கிட்டதான்.

நெய்ப்பந்தம்

இப்போ வீட்டுக் கதைக்கு வர்றேன்.

எங்க அப்பா கோயம்புத்தூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார். எனக்குப் பதினஞ்சு வயசு இருக்கும்போது அம்மாவும் நானும் இந்தச் சபையில சேர்ந்தோம். அப்பா சேரலை. என் விஷயத்துக்கு அவர் சம்மதக் கையெழுத்து வேணும்னதும், ஒரு வார்த்தை பேசாமப் போட்டுக் கொடுத்தார். ஆனா டிப்ளமோ முடிச்சுட்டு ஊழியத்துக்குப் போறேன்னு சொன்னப்போ சும்மா இருக்கலை. "சம்பளம் இல்லாத வேலைக்கா மூணு வருஷம் ஃபீஸ் கட்டினேன்?" அவர் கேட்டதுல நியாயம் இருந்துச்சு. என் கூடப் படிச்சவங்க எல்லாம் அந்த மாசமே கம்பெனிக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்க. ரயில் ஏத்திவிட வந்தார். பெட்டியைத் தூக்கி வச்சார். ரெண்டு தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தார். பேசலை.

அப்போ இருந்த விதிப்படி வீட்டுக்குப் போன்ல பேசறது வருஷத்துக்கு ரெண்டே தடவை. கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மத்தபடி வாரம் ஒரு மெயில். அப்பாவுக்கு மெயில் ஐ.டி.யே கிடையாது. 2017 கிறிஸ்துமஸ்ல போன் பண்ணினப்போ, "கடையில வேலை இருக்காமா"ன்னு அம்மா சமாளிச்சாங்க. 2018 மே மாசம் லைன்ல வந்தார். "சாப்டியா?" "சாப்டேங்ப்பா." "சரி, அம்மாகிட்ட தர்றேன்." முடிஞ்சுது.

2018 நவம்பர்ல அப்பத்தா இறந்துட்டாங்க. அப்பாவோட அம்மா. அவங்க மடியில வளர்ந்தவன் நான். பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கணும். வீட்டுக்கு மூத்த பேரன் நான்தான். தகவல் வந்ததும் வீட்டுக்குப் பேச அனுமதி கிடைச்சுது. ரெண்டு வருஷம் முடிக்காம ஊருக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டுக் கிளம்பினவன் நான்தான். ஆனா அந்த நிமிஷம் அதெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. அப்பா எடுத்தார். "வரட்டுங்களாப்பா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்:

"நெய்ப்பந்தத்துக்கு உன் சித்தப்பன் பையன் இருக்கான். நீ போன வேலையை முடிச்சுட்டு வா. காயிலைப் பாதிச் சுத்துல விட்டா, சுத்தின பாதியும் வேஸ்ட்டுடா."

அந்த வேலை அவருக்குப் பிடிக்காத வேலை. இருந்தும் அதை முடிக்கச் சொன்னது அவர்தான். அன்னிக்கு ராத்திரி என் டெல்லி ஜோடி எனக்கு ரசம் வச்சுக் கொடுத்தான். உப்பு இல்லை, புளி ஜாஸ்தி. அதை விட நல்ல ரசத்தை நான் இதுவரைக்கும் குடிச்சதில்லை.

ஒண்ணு சொல்லணும். உடம்பு முடியாம, மனசு முடியாம பாதியில வீட்டுக்குத் திரும்பின நண்பர்களும் எனக்கு உண்டு. அவங்க வாழ்க்கை வேஸ்ட் ஆகலை, நல்லாத்தான் இருக்காங்க. அப்பா சொன்னது ஊருக்கான சட்டம் இல்லை. அவர் மகனை அவருக்குத் தெரியும், அவனுக்காகச் சொன்னது.

திங்கட்கிழமை போன்

2019 பிப்ரவரியில விதி மாறுச்சு. இனிமே வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் பேசலாம்! முதல் திங்கட்கிழமை அம்மா அழுதே ஒரு மணி நேரம் போச்சு. ரெண்டாவது வாரம் அப்பா பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கார். மூணாவது வாரம் போனை வாங்கினார்.

என்ன பேசறது? சபையைப் பத்திப் பேசினா அவருக்குப் புரியாது, பிடிக்கவும் பிடிக்காது. அதனால தண்ணியைப் பத்திப் பேசினேன். ராஜமுந்திரிக்குப் பக்கத்துல தவளேஸ்வரம் அணை இருக்கு. 1852-ல ஆர்தர் காட்டன் கட்டி முடிச்சது. கோதாவரி டெல்டாவோட நெல்லெல்லாம் அந்தத் தண்ணியிலதான். அங்கே அவருக்கு ஊர் ஊராச் சிலை. "நம்ம முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டினவரும் அவர்தாங்ப்பா, 1836-ல"ன்னேன்.

"போன வருஷம் மதகு அடிச்சுட்டுப் போச்சே, அந்த மேலணையா?" குரல்ல சுறுசுறுப்பு. "நூத்தி எண்பது வருஷம் நின்னிருக்கு பாரு. சரி, அங்கே வயலுக்கு என்ன மோட்டார் போடறாங்க? எத்தனை ஹெச்.பி.?"

அடுத்த வாரத்துக்கு அதை விசாரிச்சு வச்சேன். அதுக்கு அடுத்த வாரம் அவர் இன்னொண்ணு கேட்டார். பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்து பேசாத அளவுக்கு, அந்த ஏழு மாசத்துல நாங்க பேசினோம்.

ஊருக்குத் திரும்பினதும் இன்டர்வியூ. "இந்த ரெண்டு வருஷ கேப்ல என்ன பண்ணீங்க?"ன்னு எல்லாருமே கேட்டாங்க. "தினமும் 6.30-க்கு எழுந்தேன் சார். ஒரு புது பாஷை கத்துக்கிட்டேன். ஒன்பது முன்பின் தெரியாத ஆளுங்களோட ஒரே ரூம்ல இருந்தேன். ஆயிரம் தடவை 'வேண்டாம்'னு கேட்டேன், மறுநாளும் போனேன்"னு சொன்னேன். ரெண்டு இடத்துல சிரிச்சு அனுப்பிட்டாங்க. மூணாவது இடத்துல, பம்ப் செட் சர்வீஸ் வேலை, ஆந்திரா பார்டர் ஏரியா. "தெலுங்கு தெரியுமா?"ன்னு கேட்டாங்க. "மாட்லாடதானண்டி!"ன்னேன். வேலை கிடைச்சுது!

உங்க கையில இன்னிக்கு அன்லிமிடெட் கால் இருக்கு. ஹாஸ்டல்ல இருந்து தினமும் வீட்டுக்குப் பேசறீங்க. 'சாப்டியா, சாப்டேன், வெச்சுடறேன்.' சரிதானே? இந்த வாரம் ஒரு நாள் மட்டும் அப்பாகிட்ட போனைக் கொடுக்கச் சொல்லுங்க. அவர் வேலையைப் பத்தி, அவருக்கு மட்டுமே பதில் தெரிஞ்ச ஒரு கேள்வி கேளுங்க.

அப்புறம் போனைக் கீழே வைக்க விடறாரான்னு பாருங்க!